சறுக்கலை அளந்த 14 மாதங்கள்

படிப்பையும் அலுவலக வேலையையும் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பணியாளரைப் பற்றி, அவருடைய ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். அச்சுக்குப் போகும் முன் அவரே ஒருமுறை படித்து, இரண்டு இடங்களில் என்னைத் திருத்தினார்.

பின்னணி

அவருக்கு 37 வயது. ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 11 ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். கணவரும் வேலைக்குப் போகிறவர்; பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். நான் அதே நிறுவனத்தில் பணியாளர் பயிற்சிப் பொறுப்பில் இருந்தேன். நான் மருத்துவனோ உளவியலாளனோ அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அவர் என்னிடம் வந்ததற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, பதவி உயர்வுக்குத் தேவையான ஒரு தொழில்முறைத் தகுதித் தேர்வு. மொத்தம் நான்கு தாள்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் பதிவு செய்து, முதல் இரண்டு ஆண்டுகளில் இரண்டு தாள்களை முடித்துவிட்டார். மூன்றாவதில் தோற்றார். அதன்பின் இரண்டு ஆண்டுகள் புத்தகத்தைத் தொடவே இல்லை. கடைசி மூன்று ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பத் தொடங்கி, திரும்பத் திரும்ப நின்றுபோயிருந்தார்.

இரண்டாவது, அலுவலக வேலை. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி அவர் தர வேண்டிய அறிக்கை, அதற்கு முந்தைய 12 மாதங்களில் 10 முறை தாமதமாகியிருந்தது. பெரும்பாலும் ஆறு, ஏழு நாள் தாமதம். மேலாளர் அதைப் பணி மதிப்பீட்டில் எழுதிவிட்டார்.

முதல் சந்திப்பில் அவர் சொன்னது இது: "எனக்குச் சுயக்கட்டுப்பாடு போதவில்லை, சார். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. என்னை யாராவது கட்டிப் போட்டுப் படிக்க வைத்தால்தான் உண்டு."

'கட்டுப்பாடு' என்ற சொல்லிலேயே கயிறு இருக்கிறது. தன்னை இன்னும் இறுக்கிக் கட்ட வேண்டும் என்றுதான் அவர் மூன்று ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கும் அன்று வேறு யோசனை தோன்றவில்லை. பழைய கால அட்டவணைகள் இருந்தால் எடுத்து வரச் சொன்னேன். அது வழக்கமாக எல்லோரிடமும் கேட்பதுதான். பெரிதாக எதையும் எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

ஒன்பது அட்டவணைகள்

அவர் ஒன்பது அட்டவணைகளைக் கொண்டுவந்தார். எல்லாமே அழகானவை. கோடு போட்டு, பாடத்துக்கு ஒரு நிறம் கொடுத்து, அரை மணி நேரத் துண்டுகளாகப் பிரித்திருந்தார். இவ்வளவு பொறுமையாக அட்டவணை போடுகிறவரை ஒழுங்கில்லாதவர் என்று எப்படிச் சொல்வது?

ஒவ்வொன்றும் எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்று இருவரும் உட்கார்ந்து கணக்கெடுத்தோம். அதிகம் ஓடியது 11 நாள், குறைவாக ஓடியது 2 நாள். நின்றதற்கான காரணங்களும் அவர் நினைவில் இருந்தன: பிள்ளைக்குக் காய்ச்சல், மாத இறுதிக் கணக்கு, விருந்தினர் வருகை. எல்லா வீட்டிலும் நடப்பவைதான். ஆனால் ஒரு நாள் விட்ட பிறகு அடுத்த அட்டவணை தொடங்கும்வரை கடந்த காலம் மூன்று வாரத்திலிருந்து ஐந்து மாதம் வரை நீண்டிருந்தது. அந்த இடைவெளிகளைப் பற்றி அதுவரை அவரும் யோசித்ததில்லை, நானும் கேட்டதில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒன்பதும் திங்கட்கிழமையிலோ, மாதத்தின் முதல் தேதியிலோ, அவருடைய பிறந்தநாளிலோ தொடங்கியிருந்தன. இது அவருக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. வாரம், மாதம், ஆண்டு ஆகியவற்றின் தொடக்கத்திலும் பிறந்தநாளை ஒட்டியும் மக்கள் உடற்பயிற்சி போன்ற இலக்குகளை நோக்கி அதிகம் திரும்புகிறார்கள் என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. தொடங்குவதற்கு அப்படி ஒரு நாள் உதவும். இவருடைய சிக்கல் வேறு: புதன்கிழமை சறுக்கினால் அடுத்த திங்கள் வரை காத்திருந்தார். திங்களும் தவறினால் அடுத்த மாதம் முதல் தேதி. ஆரம்பசூரத்தனம் என்று வீட்டில் கேலி செய்தார்களாம்.

எதையும் மாற்றாத இரண்டு வாரங்கள்

உடனே எதையும் மாற்ற வேண்டாம், நடப்பதை மட்டும் இரண்டு வாரம் குறித்து வாருங்கள் என்று சொன்னேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. பத்தாவது அட்டவணைக்குத் தாளே வாங்கி வைத்திருந்தார்.

குறிப்பில் தெரிந்தவற்றுள் மூன்று முக்கியமானவை. அதிகாலை நாலரை மணிக்கு எழுவதுதான் அவருடைய எல்லாத் திட்டத்துக்கும் அடிப்படை. ஆனால் அவர் படுக்கும் நேரம் பதினொன்றரையைத் தாண்டியிருந்தது. அலாரம் கைப்பேசியில் இருந்ததால், அதை நிறுத்தும் கை அப்படியே செய்திகளுக்குள் போய்விட்டது. மூன்றாவது, படிக்க வீட்டில் தனி இடம் கிடையாது. பிள்ளைகளின் பொருள்களை ஒதுக்கி, அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, விளக்கைச் சரிசெய்வதற்குள் கால் மணி நேரம் கழிந்துவிட்டது.

அட்டவணைகளோ நாளுக்கு மூன்று மணி நேரம் கேட்டன. அவை வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த ஒரு நாளை மனத்தில் வைத்துப் போட்டவை. இதிலும் அவர் தனியானவர் அல்லர். ஆய்வேடு முடிக்க எத்தனை நாளாகும் என்று மாணவர்களிடம் கேட்டபோது அவர்கள் சொன்ன சராசரி ஏறத்தாழ 34 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல் என்று 1994-இல் வெளியான ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

அலுவலக அறிக்கையில் தாமதத்துக்கு வேறு காரணம் இருந்தது. எல்லாக் கிளைகளிலிருந்தும் புள்ளிவிவரம் வந்துசேரும்வரை அவர் கோப்பைத் திறக்கவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "பாதியில் திறந்தால் தவறு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது" என்றார். தள்ளிப்போடுவதைச் சோம்பலாக அல்லாமல், ஒரு வேலை கிளப்பும் சங்கடமான உணர்விலிருந்து தப்பிக்கும் முயற்சியாகப் பார்க்க வேண்டும் என்று கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக உளவியல் ஆய்வாளர்கள் சிலர் வலியுறுத்தி வருகிறார்கள். இவருடைய அறிக்கை விஷயத்தில் அது அப்படியே பொருந்தியது. கோப்பு திறக்காமல் இருக்கும்வரை அதில் தவறும் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அதிகாலையைக் கைவிடுவது. புத்தகம் அலுவலக மேசையின் இழுப்பறைக்கு வந்தது. மாலையில் கணினியை அணைத்ததும் இழுப்பறையைத் திறப்பது, 30 நிமிடம் படிப்பது, பிறகு கிளம்புவது. 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று சூழலையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டுக்கொள்கிறவர்கள், வெறுமனே 'செய்ய வேண்டும்' என்று எண்ணுகிறவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் அவரைத் தொடர்ந்து பலரும் காட்டியிருக்கிறார்கள். கணினியை அணைப்பது எப்படியும் தினமும் நடக்கும். அதில் தொற்றிக்கொள்ளும்படி செய்தோம்.

அவர் மறுத்தார். மாலைக்குள் மன உறுதியெல்லாம் தீர்ந்துபோய்விடும் என்பது அவர் வாதம். மன உறுதி எரிபொருள்போலச் செலவாகும் என்ற கருத்து 1998-இல் வெளியான சோதனைகளால் பரவியது உண்மை. ஆனால் 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து 2,000-க்கும் மேற்பட்டோரிடம் அதைச் சோதித்துப் பார்த்தபோது, விளைவு கிட்டத்தட்ட பூஜ்யமாகவே இருந்தது. இதை அவரிடம் சொன்னேன். அதற்காகக் களைப்பு பொய்யாகிவிடாது; மாலையில் அவர் களைத்துத்தான் இருந்தார். அவருடைய அதிகாலை வாழ்ந்த காலம் அதிகபட்சம் 11 நாள், இழக்க ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகே ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது, மோசமான நாளுக்கு ஒரு குறைந்தபட்ச அளவு: ஒரே ஒரு கணக்கு. அதைப் போட்டுவிட்டால் அந்த நாள் படித்த நாள்.

மூன்றாவது முடிவுதான் இந்த ஆய்வை எழுதவே காரணம். குறிப்பேட்டில் நான்கு கட்டங்கள். தேதி, செய்தது என்ன, விடுபட்டால் ஒரு சொல்லில் காரணம், திரும்பி வந்த தேதி. தொடர்ந்து எத்தனை நாள் படித்தார் என்பதை எண்ணவே இல்லை. விடுபட்டதற்கும் திரும்பியதற்கும் இடையில் எத்தனை வேலை நாள் போயிற்று என்பதை மட்டும் மாதக் கடைசியில் எண்ண வேண்டும். சறுக்குவதை நிறுத்த முடியாது என்று ஒன்பது அட்டவணைகளும் சொல்லிவிட்டன. முழமாகச் சறுக்குவதைச் சாணாகக் குறைக்க முடியுமா என்பதே எங்கள் கேள்வி. கூடவே ஒரு தடை: 90 நாளுக்குப் புதிய அட்டவணை எதுவும் போடக் கூடாது.

21 நாளில் பழக்கமாகிவிடும் என்று எங்கோ படித்திருந்தார். அந்தக் கணக்கு, 1960-இல் ஒரு பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை மருத்துவர் தம் நோயாளிகள் மாறிய தோற்றத்துக்குப் பழக எடுத்துக்கொண்ட காலத்தைப் பற்றி எழுதியதிலிருந்து பரவியது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு, ஒரு செயல் தன்னியல்பாக மாற நடுத்தரமாக 66 நாள் ஆவதாகவும், அது ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 நாள் வரை மாறுவதாகவும் மதிப்பிட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போவதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதும் அதில் உண்டு. அந்த வரியை அவர் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

அறிக்கைக்கு ஒரு தனி ஏற்பாடு. 3-ஆம் தேதி காலையில், வந்திருக்கும் விவரங்களோடு மட்டும் கோப்பைத் திறப்பது. வராத கிளைகளுக்கு இடம் விட்டு, 'நிலுவை' என்று குறித்து 5-ஆம் தேதி அனுப்பிவிடுவது. இதற்கு மேலாளர் இசைய வேண்டியிருந்தது. அவர் அரைமனத்தோடு தலையசைத்தார்.

நான்காவதாக நான் சேர்த்த ஒரு நிபந்தனையும் உண்டு: படித்து முடித்ததும் தினமும் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அதன் கதை அடுத்து வருகிறது.

ஐந்தாம் வாரம்

முதல் மூன்று வாரம் நன்றாக ஓடியது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய அட்டவணைகளும் முதலில் நன்றாகத்தான் ஓடின. ஐந்தாம் வாரம் ஆண்டிறுதிக் கணக்கு வந்தது. எல்லோரும் இரவு ஒன்பது மணிவரை அலுவலகத்தில் இருந்தார்கள். ஆனாலும் அந்த வாரமும் எனக்குத் தினமும் "முடிந்தது" என்று செய்தி வந்துகொண்டிருந்தது.

அடுத்த சந்திப்பில் அவராகவே சொன்னார்: "மூன்று நாள் பொய் அனுப்பினேன், சார். அதன் பிறகு புத்தகத்தைத் திறக்கவே கூச்சமாக இருந்தது." அவர் கண் கலங்கியது. மொத்தம் 9 வேலை நாள் போயிருந்தது.

பிழை என்னுடையது. கயிற்றை அவிழ்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டே அதன் ஒரு முனையை நான் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தச் செய்தி படிப்புக்கு உதவவில்லை. என்னிடம் நல்ல பெயர் வாங்கும் வேலையாகிவிட்டது. ஒரு நாள் தவறியதை மறைத்ததால், திரும்பி வருவது இரண்டு மடங்கு கடினமாயிற்று. அன்றே அதை நிறுத்தினோம். குறிப்பேட்டை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சேர்ந்து பார்ப்பது மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டோம்.

முதல் தேர்வுக்குத் தள்ளிப்போட்டுப் படித்ததற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள் என்று 2010-இல் வந்த ஓர் ஆய்வைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் அன்று மாலை ஒரு கணக்குப் போட்டார். நான்காம் கட்டத்தில் தேதி எழுதினார். அது ஒரு வியாழக்கிழமை.

மூன்றாம் மாதம் முதல் எட்டாம் மாதம் வரை

நீண்ட இடைவெளி முதல் மாதம் 2 வேலை நாள், இரண்டாம் மாதம் 9, மூன்றாம் மாதம் 5. அதன் பிறகு எட்டாம் மாதம் வரை அது 3-ஐத் தாண்டவில்லை. விடுபட்ட நாள்களின் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாதத்துக்கு நான்கைந்து நாள் விட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் விட்ட நாள்கள் ஒன்றோடொன்று சேரவில்லை.

இடையில் வீட்டில் மனக்கசப்பு. மாலையில் அரை மணி நேரம் தாமதமாக வீடு திரும்புவதைக் கணவரிடம் அவர் அறிவித்திருந்தாரே தவிர, கேட்டிருக்கவில்லை. அந்த அரை மணி நேரத்தில் பிள்ளைகளின் பொறுப்பு முழுவதும் கணவர் தலையில் விழுந்தது. மூன்றாம் மாதம் அது வெடித்தது. முடிவில் வாரத்தில் இரண்டு நாள் நேரத்தோடு கிளம்புவது, அந்த இரண்டு நாளும் மதிய இடைவேளையில் படிப்பது என்று மாற்றிக்கொண்டார்கள். இதை அவர்களே பேசி முடித்தார்கள். எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஐந்தாம் மாதம் வேறொரு சிக்கல் தலைகாட்டியது. 'ஒரு கணக்கு' என்ற குறைந்தபட்சம் வழக்கமான அளவாக மாறத் தொடங்கியது. ஒரு மாதத்தில் பாதி நாள்களில் ஒரு கணக்கு மட்டுமே இருந்தது. இந்த வேகத்தில் பாடத்திட்டம் முடியாது என்பது கூட்டல் தெரிந்த எவருக்கும் புரியும். அளவை உயர்த்தலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று முடிவு செய்தோம். அது மெல்ல மெல்லப் பழைய மூன்று மணி நேரத்துக்கே திரும்பிவிடும் என்று பயந்தேன். அதற்குப் பதிலாக, இந்த முறை கணவரிடம் கேட்டுவிட்டு, சனிக்கிழமை இரண்டரை மணி நேரம் ஒதுக்கினார். கைப்பேசி வேறு அறையில். தினசரிப் படிப்பு நூல் அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டது. பாடம் நகர்ந்தது சனிக்கிழமைகளில்தான்.

தேர்வும் அதன் பிறகும்

ஒன்பதாம் மாதம் மீதமிருந்த இரண்டு தாள்களையும் எழுதினார். ஒன்றை மட்டும் எழுதச் சொன்னேன்; கேட்கவில்லை. பதினோராம் மாதம் முடிவு வந்தது. ஒன்றில் தேர்ச்சி, மற்றொன்றில் தோல்வி.

அன்று அவரைத் தேடிப் போகவில்லை. குறிப்பேட்டைப் பற்றிக் கேட்கவும் இல்லை. முன்பு மூன்றாம் தாளில் தோற்றபோது அவர் புத்தகத்தைத் திரும்பத் தொட இரண்டு ஆண்டுகள் ஆயின என்பது என் மனத்தில் இருந்தது. அடுத்த வழக்கமான சந்திப்புக்கு அவர் நேரத்துக்கு வந்தார். இடைவெளி 6 வேலை நாள். காரணக் கட்டத்தில் "முடிவு" என்று ஒரு சொல்.

அறிக்கைகள் அந்த 14 மாதங்களில் பெரும்பாலும் 5 அல்லது 6-ஆம் தேதிக்குள் போய்விட்டன. இரண்டு முறை பழையபடி தாமதமாயின; ஒன்று ஆண்டிறுதி மாதம், இன்னொன்றுக்குச் சரியான காரணம் அவருக்கே தெரியவில்லை. பதவி உயர்வு இன்னும் வரவில்லை.

எது காரணம் என்று சொல்ல முடியாதவை

நான்காம் மாதத்தில் மேலாளர் மாறினார். புதியவர் அரைகுறை வரைவுகளைக் கண்டு முகம் சுளிக்காதவர். இடம் விட்டு அனுப்பிய அறிக்கையைப் பாராட்டவும் செய்தார். அறிக்கை நேரத்துக்குப் போனதில் எங்கள் ஏற்பாட்டின் பங்கு எவ்வளவு, புதிய மேலாளருடைய பங்கு எவ்வளவு என்று பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை. என் ஊகம், பாதிக்கு மேல் அவருடையது.

இது ஒருவரின் கதை. அட்டவணை போடத் தெரிந்த, ஆனால் திரும்பி வரத் தெரியாத ஒருவருக்கு இது பொருந்தியது. தொடங்கவே முடியாதவருக்கு இந்தக் குறிப்பேடு வெற்றுத் தாளாகவே இருந்துவிடலாம். தள்ளிப்போடுவதற்குப் பின்னால் மனச்சோர்வோ கவனக்குறைபாடோ இருப்பவருக்கு வேண்டியது மருத்துவரின் உதவி.

மறுபடி செய்தால் மாற்றுபவை

தினசரிச் செய்தியைக் கேட்கவே மாட்டேன். அதைப் பற்றி மேலே போதுமான அளவு சொல்லிவிட்டேன்.

வீட்டில் இருப்பவர்களைத் தொடக்கத்திலேயே கேட்கச் சொல்வேன். ஒருவரின் அரை மணி நேரம் காற்றிலிருந்து வருவதில்லை; வேறொருவரின் அரை மணி நேரத்திலிருந்து வருகிறது. இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். நானும் குடும்பம் நடத்துகிறவன்தான்.

படிப்பையும் அறிக்கையையும் ஒரே மாதத்தில் தொடங்கியிருக்க மாட்டேன். அறிக்கையை முதலில் எடுத்திருந்தால், ஒரு மாதத்திலேயே பலன் தெரிந்திருக்கும். மேலாளரின் அழுத்தமும் தணிந்திருக்கும். படிப்பை அதன்பின் தொடங்கியிருக்கலாம். தூக்கத்தைப் பற்றியும் பேசியிருப்பேன். பதினொன்றரைக்குப் படுக்கும் பழக்கம் 14 மாதங்களுக்குப் பிறகும் அப்படியேதான் இருக்கிறது. முதல் குறிப்பிலேயே அது கண்ணில் பட்டும், அதிகாலையைக் கைவிட்டதோடு வேலை முடிந்தது என்று நான் விட்டுவிட்டேன்.

இதைப் படித்துப் பார்த்தபோது அவர் செய்த திருத்தங்களில் ஒன்று இந்தப் பகுதிக்கானது. 90 நாள் தடையை நீட்டித்திருக்க வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, ஓரத்தில் "91-ஆம் நாள் ஒன்று போட்டேன். உங்களிடம் காட்டவில்லை. இரண்டு நாளில் அதை நானே மறந்துவிட்டேன்" என்று எழுதியிருந்தார்.

கடைசித் தாளுக்கு மீண்டும் பதிவு செய்திருக்கிறார். சென்ற வாரம் குறிப்பேட்டைப் பார்த்தபோது திங்களும் செவ்வாயும் விடுபட்டிருந்தன. காரணம், "காய்ச்சல்". நான்காம் கட்டத்தில் புதன்கிழமையின் தேதி இருந்தது.